மேற்படி என்று நான் போட்ட ஒரு கட்டம்

வெள்ளவத்தையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனால், சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் இருப்பவர் முதலில் ஊரைக் கேட்பார், அடுத்ததாக வேலையைக் கேட்பார். ஊர் கொட்டாஞ்சேனை என்று சொல்லிவிடலாம். வேலையைச் சொல்லத்தான் இத்தனை வருடமாக எனக்கு வாய் வரவில்லை. கொம்பியூட்டர் கொம்பனி என்றால் மகனுடைய லப்டொப் ஒன்று பழுதாகிக் கிடக்கிறது, ஒருக்காப் பார்த்துத் தருவீர்களோ என்பார்கள். எழுதுகிற வேலை என்றால் கதையா கவிதையா என்பார்கள். ஒரு நாள் பொறுமை கெட்டுப்போய், “கொம்பியூட்டருக்குள்ள என்ன நடந்தது எண்டு அதுவே ஒரு வரி எழுதும். அந்த வரிக்கு விளக்கம் எழுதுற ஆள் நான்” என்று உள்ளதைச் சொன்னேன். கேட்ட அம்மா பாயாசத்தைக் கிட்ட இழுத்து வைத்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பிவிட்டார். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை.

இப்போது இதை எழுத வைத்தது எங்கள் பழைய கொம்பனி. ஆண்டு நிறைவு மலர் போடுகிறார்களாம், ஓய்வு பெற்றவர்களிடம் ஆளுக்கொரு கட்டுரை கேட்டார்கள். கேட்க வந்த பிள்ளைகள், இந்த விளக்கங்களை எல்லாம் இப்போது ஒரு மென்பொருளே எழுதித் தருகிறது என்று காட்டினார்கள். முந்தி இதை மனிசர் இருந்து எழுதினவையோ அக்கா என்று ஒரு பிள்ளை உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டது. சுருக்கென்றது. ஆனாலும் அந்த மென்பொருள் எழுதிய பத்துப் பக்கத்தையும் வாங்கி வாசித்தேன். நன்றாகத்தான் இருந்தது, என்னுடைய முதல் வருடத்து எழுத்தைவிட நன்றாகவே இருந்தது. அதனோடு எனக்குச் சண்டை இல்லை. நான் செய்த ஒரு பிழையையும், அந்தப் பிழையில் என்னைக் கைவிடாத இரண்டு மனிதர்களையும் பற்றி மட்டும் எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை நீளமில்லை. கொச்சிக்கடையில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜன்சியில் தட்டெழுத்துக்காரியாகத் தொடங்கினேன். சரக்குப் பட்டியலில் ஓர் எழுத்து மாறினால் ஒரு கொள்கலன் வேறு ஊருக்குப் போய்விடும் என்ற பயத்தை அங்கேதான் கற்றுக்கொண்டேன். பின்னேரங்களில் கொம்பியூட்டர் வகுப்பு. அதற்குப் பிறகு பம்பலப்பிட்டியில் ஓர் ஐந்தாம் மாடியில் இருந்த இந்தக் கொம்பனி, ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுதக்கூடிய ஆள் வேண்டும் என்று விளம்பரம் போட்டது, போனேன், எடுத்தார்கள். அவ்வளவுதான்.

அங்கே செய்தது மருத்துவமனைக் கருவிகளுக்கான இயங்குதளம். நோயாளியின் கட்டிலருகே நின்று இதயத்துடிப்பையும் மூச்சையும் திரையில் காட்டிக்கொண்டிருக்கும் பெட்டிகள் இருக்கின்றன அல்லவா, அதற்குள் ஓடுவது. கருவியைச் செய்தது வெளிநாட்டுக் கொம்பனி ஒன்று, உள்ளே ஓடுவதைச் செய்தவர்கள் நாங்கள். இயங்குதளத்தின் அடிப்பகுதிக்குக் கேர்னல் என்று பெயர். யாருக்கு எவ்வளவு நினைவகம், யார் முதலில், யார் காத்திருக்க வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பது அது. அதற்குள் ஒன்று பிழையாகிப்போனால் எட்டிப் பார்க்க ஜன்னல் கிடையாது. அதனால் எழுதுகிறவர்கள், இந்த இடத்தில் இது நடந்தால் ஒரு குறிப்பை வை என்று அங்கங்கே சொல்லி வைப்பார்கள். அந்தக் குறிப்புகளை ட்ரேஸ் என்போம்.

குறிப்பு வெறும் எண்களாகக் கிடக்கும். ஒரு மனிதர் வாசிக்கும்போது அதை எப்படி வசனமாகக் காட்ட வேண்டும் என்று சொல்ல ஒரு வரி உண்டு, அதற்கு ஃபோர்மட் வரி என்று பெயர். அரசாங்கக் கச்சேரியில் நிரப்பக் கொடுக்கும் படிவம் மாதிரி இடையிடையே வெற்றிடம் விட்டிருக்கும். வைத்திருப்பவர் இன்னார், காத்திருந்த நேரம் இவ்வளவு என்று போகும். ஒவ்வொரு வெற்றிடத்திலும் ஒரு சதவீதக் குறியும் ஓர் எழுத்தும் நிற்கும். அங்கே வரப்போவது பெயரா எண்ணா, எண் என்றால் கழித்தல் குறி வரலாமா கூடாதா என்பதை அந்த எழுத்துச் சொல்லும். ஒவ்வொரு வரிக்கும் அரைப் பக்கம் விளக்கம் எழுதிக் கையேடாகக் கட்டி வெளிநாட்டுக்காரருக்கு அனுப்புவது என் வேலை. அவர்களுடைய என்ஜினியர்மாருக்கு எங்கள் கேர்னலைத் தெரியாது. என் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் அவர்களுக்கு வேதம்.

என் மேலதிகாரி செல்வராஜ் சேர். கேர்னல் பகுதி முழுவதும் அவர் பொறுப்பு. அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், கொழும்பில் இத்தனை காலம் இருந்தும் மலையகத் தமிழ் ஒரு சொல் மாறாதவர். அவர் யாருக்கும் பிழை என்று சொல்லி நான் கேட்டதில்லை. நான் கொடுக்கும் பக்கத்தை வாசிப்பார், சந்தேகமான வசனத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைப்பார், திருப்பித் தருவார். என்ன பிழை என்று கேட்டால் சிரிப்பார். புள்ளி எதற்கென்று நாங்களே கண்டுபிடிக்க வேண்டும். முதல் வருடம் எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கவே இல்லை. சொல்லித் தொலைத்தால் என்ன, வாயில் என்ன கொழுக்கட்டையா என்று வீட்டில் வந்து புறுபுறுப்பேன். ஆனால் புள்ளிக்குக் காரணம் தேடி நான் புரோகிராம் எழுதுகிறவர்களிடம் போய் நிற்பேன், அவர்கள் திரையைத் திருப்பிக் காட்டுவார்கள், அப்படியே கேர்னல் வாசிக்கப் பழகிவிட்டேன். அந்த மனிதர் வேண்டுமென்றேதான் செய்தார் என்பது விளங்கக் கன காலம் எடுத்தது.

அவர் வைத்த ஒரே சட்டம் இதுதான். ஒவ்வொரு வெற்றிடத்துக்கும் மூன்று கேள்வி கேட்க வேண்டும். இதை நிரப்புவது யார்? எப்போது நிரப்புகிறார்? என்ன அளவில்? மூன்றுக்கும் விடை கிடைக்காமல் ஒரு வசனம் எழுதக்கூடாது. நான் சீஆர் கொப்பி என்ற தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி, பக்கத்தை நாலு நிரலாகக் கோடு போட்டு வைத்தேன். முதல் நிரலில் வெற்றிடத்தின் பெயர், மற்ற மூன்றிலும் மூன்று விடைகள். கட்டம் நிரம்பாமல் கையேட்டில் ஒரு சொல் ஏறாது. கொப்பிகள் எனக்கு எத்தனை சேர்ந்தன என்று ஞாபகமில்லை, மேசைக்குக் கீழே கால் வைக்க இடம் இல்லாமல் போனது ஞாபகம்.

அந்தக் கொப்பி எனக்கு மரியாதை வாங்கித் தந்த நாளும் உண்டு. கருவி ஒன்றில் நானூற்று இருபத்தொன்பது கோடிக்கு மேல் ஒரு பிழை எண் வருகிறது, இவ்வளவு பெரிய எண்ணுக்குக் கையேட்டில் விளக்கமே இல்லையே என்று வெளிநாட்டிலிருந்து பதறிப்போய் எழுதியிருந்தார்கள். ஆட்கள் கூடிக் கூடிக் கதைத்தார்கள். நான் கொப்பியைப் புரட்டினேன். அந்த வெற்றிடத்தை நிரப்புகிறவர் கழித்தல் எண் போடுகிறார் என்று என் கையாலேயே எழுதியிருக்கிறது, ஃபோர்மட் வரியில் உள்ள எழுத்தோ கழித்தல் குறி தெரியாத எழுத்து. உண்மையில் அது கழித்தல் ஐந்து. கருவி பதில் தரவில்லை என்பதற்கான சாதாரண எண். ஓர் எழுத்தை மாற்றியதும் நானூற்றுச் சொச்சம் கோடியும் காணாமல் போயிற்று. அன்றைக்கு செல்வராஜ் சேர் வடை வாங்கி வரச் சொல்லி எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கு இரண்டு.

அதற்குப் பிறகு என் தலை கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது. பவானி மிஸ் எழுதினால் சரியாக இருக்கும் என்று ஒபிஸில் ஒரு பேச்சு வந்துவிட்டது. அந்தப் பேச்சைக் கேட்க எனக்கு நல்லாகத்தான் இருந்தது. இனி வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ரிஸ்வான் எங்கள் கொம்பனியில் திரையில் படம் வரைகிற பகுதியை எழுதியவர். முப்பதை எட்டாத வயது, மாளிகாவத்தைத் தொடர்மாடியில் தாயோடு இருந்தார். அதிகம் கதைக்காத ஆள். செல்வராஜ் சேரின் குழுவில் எழுத்து மிகச் சுத்தமாக இருப்பது இவருடையதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். என்னிடம் ட்ரேஸ் வரி ஒன்றைக் கொடுக்கும்போது என் மூன்று கேள்விக்கும் விடையை ஒரு துண்டில் எழுதி, கூடவே வைத்துத் தருகிற ஒரே ஆள்.

வெளிநாட்டில் ஒரு மருத்துவமனையில் எங்கள் இயங்குதளத்தோடு கருவிகளைப் பரீட்சித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் ஒரு கருவியின் திரை நாலு செக்கன் உறைந்துபோய் நின்றது. பிறகு இன்னொன்று. பக்கத்தில் நின்ற தாதி கவனித்துவிட்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் துடிப்பைக் காட்ட வேண்டிய திரை நாலு செக்கன் பழைய கோட்டையே காட்டிக்கொண்டு நிற்பது சின்ன விஷயம் இல்லை. அவர்கள் ட்ரேஸை எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமையும் பணி என்போம், கேர்னலுக்குள் அவற்றுக்கு ஒரு பூட்டு உண்டு. ஒரே இடத்தில் இரண்டு பணிகள் கை வைக்காமல் இருக்க, ஒன்று பூட்டை எடுத்துக்கொள்ளும், மற்றது காத்திருக்கும். யாராவது அளவுக்கு மிஞ்சிக் காத்திருந்தால் ஒரு குறிப்பு விழும். அந்தக் குறிப்பில், வைத்திருப்பவர் என்ற இடத்தில் ரிஸ்வானின் பணியின் பெயர் இருந்தது. காத்திருந்த நேரம் நாலு செக்கன். ஒவ்வொரு முறையும் அதே பெயர்.

கடிதம் வந்தது. உங்கள் கையேட்டின் நூற்றுப் பதினோராம் பக்கத்தின்படி, அந்த நேரத்தில் பூட்டை வைத்திருந்த பணியின் பெயர் இது என்று என் வசனத்தையே எடுத்துப் போட்டு, அந்தப் பணியை எழுதியவர் இனி எங்கள் கருவியில் கை வைக்கக்கூடாது என்று முடித்திருந்தார்கள். மூன்று கிழமை ரிஸ்வான் பிழையைத் தேடினார். கிடைக்கவில்லை. பிழையைத் திருத்தவும் முடியவில்லை, இல்லையென்று காட்டவும் முடியவில்லை என்று மனேஜருக்குப் பொறுமை முடிந்தது. திங்கட்கிழமைக்குள் தானாகவே விலகல் கடிதம் தந்தால் நல்லது என்று அவரை அழைத்து மெதுவாகச் சொல்லிவிட்டார். கேர்னல் எழுதுகிறவர்களைக் கொழும்பில் விரல்விட்டு எண்ணிவிடலாம், வேலை கொடுக்கிற இடங்களையும் அப்படித்தான். நோயாளியின் கருவியை உறைய வைத்தவர் என்ற பேரோடு வெளியே போனால் இன்னொரு கதவு திறக்காது. எல்லோருக்கும் கவலை. எனக்கும் கவலை. ஆனால் அது எனக்குச் சம்பந்தமில்லாத கவலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை மதியம் ரிஸ்வான் என் மேசைக்கு வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தன் பகுதியின் குறிப்புகளை எல்லாம் ஒழுங்குபடுத்தி, அடுத்து வருகிறவருக்கு உதவும் என்று ஒரு கோப்பில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அதை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

“மூணு கிழமையா என்ட புரோகிராம் கோட்ட வரிவரியாப் பாத்திட்டன் மிஸ், ஒண்டும் இல்ல. ஆனா நீங்க எழுதினது பிழையா ஈக்காதே. அப்ப நான்தான் எங்கயோ பிழை உட்டிருக்கன். எனக்குத்தான் தெரியுதில்ல.”

உண்மையைச் சொல்கிறேன், அதைக் கேட்டதும் முதலில் எனக்குப் பெருமை வந்தது. அரைச் செக்கன்தான். அடுத்த அரைச் செக்கனில் அது போய்விட்டது. தன் கையால் எழுதிய கோடு, மூன்று கிழமை வரிவரியாகப் பார்த்த கோடு. அதைவிட என்னுடைய ஒரு வசனத்தை இந்த மனிதர் பெரிதாக நம்புகிறார். அந்த வசனத்தை நான் எழுதிய விதம் எனக்கே ஞாபகம் இல்லை.

அவர் போனதும் கொப்பியைத் தேடி எடுத்தேன். அந்தப் பக்கத்தில் இரண்டு குறிப்புகள், ஒன்றின் கீழ் ஒன்று. இரண்டும் பூட்டு சம்பந்தமானவை. மேலே இருப்பது பூட்டை எடுக்கும்போது விழுவது, கீழே இருப்பது காத்திருப்பு மிஞ்சும்போது விழுவது. இரண்டிலும் வைத்திருப்பவர் என்ற வெற்றிடம் உண்டு, இரண்டின் ஃபோர்மட் வரியிலும் அந்த இடம் எழுத்துக்கு எழுத்து ஒன்று. மேலே இருப்பதற்கு எப்போது என்ற நிரலில், குறிப்பு விழும் அதே கணத்தில் பெயரின் எழுத்துகள் பிரதி எடுக்கப்படுகின்றன என்று அழகாக எழுதியிருந்தேன். கீழே அதே நிரலில் ஒரே ஒரு சொல். மேற்படி.

காரணம் சொல்லலாம் என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அன்றைக்குக் காய்ச்சல் இல்லை, அவசரம் இல்லை. வரி ஒன்றாக இருந்தது, அலுப்பாக இருந்தது, என்னைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் இருந்தது. போய்க் கேட்காமல் மேற்படி போட்டுவிட்டேன்.

கேர்னல் எழுத்தைத் திறந்து அந்தக் குறிப்பை நிரப்புகிற இடத்தைப் பார்த்தேன். மேலே இருப்பது பெயரை எழுத்தெழுத்தாக எடுத்து வைக்கிறது. கீழே இருப்பது பெயரை எடுக்கவே இல்லை. பெயர் நினைவகத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற விலாசத்தை மட்டும் வைக்கிறது. யாராவது ட்ரேஸை வாசிக்கும்போதுதான் அந்த விலாசத்துக்குப் போய் அங்கே உள்ள பெயரை எடுத்துக் காட்டுகிறது. நான் இப்போது இருக்கும் வெள்ளவத்தை லேனில், ஒரு வீட்டோடு ஒட்டி, வாடகைக்கு விடுகிற அனெக்ஸ் ஒன்று இருக்கிறது. ஒருவரின் பெயரை எழுதாமல், இன்ன அனெக்ஸில் இருப்பவர் என்று மட்டும் குறித்து வைத்தால், மூன்று மாதம் கழித்துக் கதவைத் தட்டும்போது திறக்கிறவர் வேறு ஆள். பூட்டை வைத்திருந்த பணி முடிந்து போயிருந்தால், அது இருந்த இடத்தைக் கேர்னல் அடுத்து வருகிற பணிக்குக் கொடுத்துவிடும். குறிப்பு அந்தப் புதுக் குடித்தனக்காரரின் பெயரைச் சொல்லும்.

அப்படியென்றால் நூற்றுப் பதினோராம் பக்கத்தில் நான் எழுதியது பொய். ரிஸ்வானுக்கு எதிராக இருந்த ஒரே சாட்சி அந்தப் பக்கம்தான்.

இதை ஓடிப்போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். இல்லை. கொப்பியை மூடி வைத்துவிட்டுக் கீழே இறங்கி, கன்டீனில் ஒரு ப்ளேன்டீ வாங்கி வைத்துக்கொண்டு இருந்தேன். விளக்கம் எழுத என்று தனியாக ஓர் ஆள் தேவையா என்று மனேஜர் அந்த வருடம் இரண்டு தரம் கேட்டிருந்தார். என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. கொப்பியைப் பார்க்கிறவர் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. அந்த ஒரு சொல்லுக்குக் கீழே இரண்டு வரி சேர்த்து எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நினைப்பு வந்து போனது. வந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது. பிறகு, எனக்குத்தான் தெரியுதில்ல என்று ரிஸ்வான் சொன்ன விதம் காதுக்குள் கிடந்து குடைந்தது. தேத்தண்ணீர் ஆறிப்போனது. அதை அப்படியே வைத்துவிட்டு மேலே ஏறினேன்.

செல்வராஜ் சேரின் மேசையில் கொப்பியை விரித்து, அந்தச் சொல்லில் விரலை வைத்துக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசுவார் என்று நினைத்தேன். அவர் பென்சிலைக்கூட எடுக்கவில்லை. கொப்பியைப் பார்த்துவிட்டு, ஒரே குறிப்பை இரண்டு தரம் வாசித்துப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். வாங்க பார்ப்போம் என்று எழுந்தார்.

பரீட்சைக்காக வைத்திருந்த கருவி ஒன்று மூலையில் இருந்தது. வெளிநாட்டுக்காரர் மருத்துவமனையில் ஓட விடுகிற எல்லாவற்றையும், அவர்கள் தாங்களே எழுதிச் சேர்த்த சின்னச் சின்னப் பணிகளையும் சேர்த்து, அதில் ஓட விட்டோம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆயிற்று. குறிப்பு விழுந்தது. விழுந்த உடனேயே அதை வாசிக்கச் சொன்னார். வைத்திருப்பவர் என்ற இடத்தில் ரிஸ்வானுடையது இல்லை. அவர்களே எழுதிய, பதிவுகளைப் பிரதி எடுத்துவிட்டு முடிந்துபோகிற ஒரு பணியின் பெயர் நின்றது. ஐந்து நிமிடம் கழித்து அதே குறிப்பை மறுபடி வாசித்தோம். அதே இலக்கம், அதே நாலு செக்கன். பெயர் மட்டும் ரிஸ்வானுடையது. பிரதி எடுக்கிற பணி முடிந்ததும், உறைந்த திரையைத் திரும்ப வரைய ரிஸ்வானின் பணி எழும்புகிறது, காலியான அந்த இடம் அதற்குக் கிடைக்கிறது. ஒவ்வொரு முறையும் அப்படித்தான் நடந்திருக்கிறது. மருத்துவமனையில் அவர்கள் ட்ரேஸை எடுத்தது எல்லாம் முடிந்த பிறகு.

கதிரையில் இருந்துவிட்டேன். செல்வராஜ் சேர் திரையையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “அந்தக் குறிப்ப எழுதுனது நான்தான், பவானி. எடம் மிச்சம் புடிக்கிறதுக்காக வெலாசத்த மட்டும் வச்சேன். ஒடனே வாசிச்சிருவாங்கன்னு நெனச்சேன். நீங்க மேற்படின்னு போட்டீங்க, நான் அதுல ஒரு புள்ளிகூட வைக்கல. ரெண்டு பேரு தப்பு.”

அவர் இதைச் சொல்லியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. அதற்குப் பிறகு மனேஜரின் அறையில் அது இன்னும் தெளிவாக விளங்கியது. மனேஜர் கெட்ட மனிதர் இல்லை. கருவியை இரண்டு தரம் தன் கண்ணாலேயே பார்த்தார். பிறகு, கையேட்டில் ஒரு விளக்கப் பிழை என்று எழுதிவிடுவோம், கோடில் பிழை என்று நாங்களே எழுதிக் கொடுத்தால் ஒப்பந்தம் என்னாகும் என்றார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். செல்வராஜ் சேர் குரலை உயர்த்தவில்லை. குறிப்பை எழுதியது நான், விளக்கத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதும் நான், என் பெயர் இல்லாமல் பவானியின் பெயர் மட்டும் கடிதத்தில் போகாது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். மனேஜர் நெற்றியைத் தேய்த்தார். கடைசியில் சரி, எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார்.

அந்தக் கடிதத்தை எழுதியது நான். மூன்று தரம் எழுதினேன். குறிப்பு எழுதப்பட்ட முறை பிழை, எழுதியவர் இன்னார். விளக்கம் பிழை, எழுதியவர் இன்னார். திரைப் பகுதியில் பிழை எதுவும் காணப்படவில்லை. ஒரே குறிப்பை இரண்டு தரம் வாசித்தால் நீங்களே காணலாம், செய்யும் முறை கீழே. அவர்களுடைய பணியைப் பற்றி ஒரு சொல்கூடக் குத்தலாக எழுதவில்லை, பார்த்தால் தெரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிட்டேன். அடுத்த கிழமை பதில் வந்தது. தங்கள் பணியைத் திருத்திவிட்டதாகவும், அந்தப் பரீட்சையைக் கையேட்டில் சேர்த்துத் தந்தால் நன்றி என்றும் இரண்டே வரி. ரிஸ்வான் பெயரை அவர்கள் மறுபடி எடுக்கவில்லை. என் வேலையும் போகவில்லை. அதற்கு மேல் பதினான்கு வருடம் அங்கேயே இருந்து எழுதினேன், மேற்படி என்ற சொல்லை அதற்குப் பிறகு வீட்டுச் சாமான் பட்டியலில்கூட எழுதியதில்லை. செல்வராஜ் சேருக்கு நான் பட்ட கடனைத் தீர்க்க வழியில்லை. அவர் ஓய்வு பெற்ற நாளில் இதைச் சொல்லப் போனேன், பழசை எல்லாம் ஏம்மா கெளறுறீங்க என்று பேச்சை மாற்றிவிட்டார். இந்த மலரை வாசிப்பார் என்று நினைக்கிறேன். சேர், நன்றி.

இன்னும் ஒன்று சொல்ல இருக்கிறது. கடிதம் போனது வெள்ளிக்கிழமை. விலகல் கடிதம் தேவையில்லை என்றும் காரணம் என்ன என்றும் அன்று பின்னேரம் செல்வராஜ் சேரே ரிஸ்வானைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். நான் அப்போது கடித வேலையில் இருந்தேன். தலையை நிமிர்த்திப் பார்க்கும்போது ரிஸ்வான் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கோபமாக இருக்கும், இருக்கத்தான் வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் திங்கட்கிழமை வரை அதை வயிற்றில் வைத்துக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை. சனிக்கிழமை பின்னேரம் மாளிகாவத்தைக்கு ஒரு திரீவீல் பிடித்தேன்.

மூன்றாம் மாடி. கதவைத் திறந்தவர் அவருடைய தாயார். யாரென்று சொன்னேன். மகன் வீட்டில் மிஸ்ஸைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறான் என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அது எனக்கு இன்னும் கஷ்டமாகப் போயிற்று. இருக்கச் சொல்லியும் இருக்காமல் நின்றபடியே, உங்கள் மகனில் ஒரு பிழையும் இல்லை, பிழை என்னுடையது, நான் எழுதிய ஒரு வசனத்தால்தான் அவருக்கு இவ்வளவும் வந்தது, மன்னிப்புக் கேட்க வந்தேன் என்று சொல்லி முடித்தேன். ஏசட்டும் என்றுதான் நின்றேன்.

அவர் ஏசவில்லை. என்னைக் கதிரையில் இருத்திவிட்டு, எதிரே இருந்தார்.

“வேல போறதப் பத்தி அவன் கவலப்படல்ல மகள். தன்ட கையால எந்த நோயாளிக்காச்சும் ஏதாச்சும் ஆகியிருக்குமோ எண்டுதான் பயந்து கிடந்தான். மூணு கிழம கண்ண மூடல்ல. நேத்து வந்து, உம்மா நான் இல்லையாம் எண்டான். அவ்வளவுதான் சொன்னான். படுத்தவன்தான், தொழுகைக்கு எழும்புறான், திரும்பப் படுக்கிறான்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் எழுந்து தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார். பக்கத்து அறைக் கதவு கால்வாசி திறந்திருந்தது. கட்டில் விளிம்பில் ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது. மூச்சு ஆழமாக, ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. எழுப்பட்டுமா என்று கேட்டார். ஐயோ வேண்டாம் என்றேன். தேத்தண்ணீர் குடித்து முடிக்கும்வரை நாங்கள் இருவரும் குரலைத் தாழ்த்தியே கதைத்துக்கொண்டிருந்தோம்.